சேனாபதி வளர்க்காத நாய்

"அது எங்க நாய்," என்று சொல்லிவிட்டான் சேனாபதி.

சொன்ன பிறகுதான் வீட்டில் நாயே கிடையாது என்பது உறைத்தது. அதற்குள் கான்ஃபரன்ஸ் காலில் இருந்த அத்தனை பேரும் உருகிவிட்டார்கள்.

"பாவம், அதுக்கு உடம்புக்கு என்ன?" என்று கேட்டார் மேனேஜர் நான்ஸி. அவர் வீட்டில் ஆளைவிட நாய்கள் அதிகம்.

"வயசாயிடுச்சு."

"பேர் என்ன?"

உடுமலைப்பேட்டையில் பிறந்தவனிடம் திடீரென்று நாய்க்குப் பெயர் கேட்டால் வேறு என்ன வரும்? "மணி," என்றான்.

ஜன்னலுக்கு வெளியே மணி மறுபடி ஊளையிட்டது. உண்மையில் அது நாயின் ஊளையும் இல்லை, மனிதப் பேச்சும் இல்லை. அடிவயிற்றில் தொடங்கிக் கரகரவென்று மேலே ஏறி, இறங்க மனமில்லாமல் அங்கேயே நின்றது. பின்னால் ஒரு கிட்டார் தேனீக் கூட்டம்போல இரைந்துகொண்டிருந்தது. சேனாபதி போனை மியூட் செய்துவிட்டு ஜன்னலை இழுத்துச் சாத்தினான்.

இது நடந்தது 2006-ல், டெக்சஸ் மாநிலத்துப் பிளானோவில். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆபீஸ்காரர்கள் வரம் கொடுப்பதுபோல அனுமதி கொடுத்த காலம். இந்தியக் கடையில் காலிங் கார்டு வாங்கி, பின்புறம் சுரண்டி, ரயில் நீளத்துக்கு நம்பரை அடித்து, அம்மா ஹலோ சொல்லும்போது லைன் அறுந்துபோகும் காலம். இன்றைக்கு நினைத்தால் அதெல்லாம் சுகமாகத்தான் இருக்கிறது. அன்றைக்குச் சேனாபதிக்கு இருந்தது ஒரே கவலை. பாக்கியம் ஊருக்குத் திரும்பிப் போய்விடுவாளோ என்பது.

பாக்கியம் என்கிற தனபாக்கியம் அவன் மனைவி. கல்யாணத்துக்கு முன்னால் உடுமலையில் பெண்கள் பள்ளி ஒன்றில் பி.டி. டீச்சர். பெண் பார்க்கப் போனபோது அவள் தலைகுனிந்து காபி கொடுத்தது எதுவும் சேனாபதிக்கு நினைவில்லை. அதற்கு முதல் நாள் யாருக்கும் தெரியாமல் பள்ளிக்கூட மதில் ஓரம் பைக்கோடு நின்றதுதான் நினைவிருக்கிறது. உள்ளே மைதானத்திலிருந்து "அட்டேஏஏன்ஷன்" என்று ஒரு குரல் கிளம்பியது. மைக் கிடையாது. வேப்பமரத்துக் காக்கைகள் மொத்தமாகப் பறந்தன. மதிலுக்கு வெளியே நின்ற சேனாபதி தன்னையறியாமல் காலைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி நின்றான். அவனைப் பொறுத்தவரை கல்யாணம் அங்கேயே முடிந்துவிட்டது.

அந்தக் குரலோடுதான் அவள் பிளானோவுக்கு வந்தாள். வந்த முதல் வாரம், சாப்பாடு தயார் என்று பேக்யார்டில் நின்று அவனை ஒரு குரல் கூப்பிட்டாள். தெருவில் வரிசையாகக் கதவுகள் திறந்தன. ஒரு கிழவர், யாருக்கு என்ன ஆபத்தோ என்று டெலிபோனும் கையுமாக வெளியே வந்துவிட்டார்.

"இங்க கொஞ்சம் மெதுவா பேசணும், கண்ணு," என்றான் சேனாபதி.

"எவ்வளவு மெதுவாங்க?"

"லைப்ரரில பேசற மாதிரி."

அன்றிலிருந்து அவள் லைப்ரரியில் பேசுகிற மாதிரியே பேசினாள். வீடும் லைப்ரரி ஆகிவிட்டது. மனைவி என்பதால் கிடைத்த எச்-4 விசாவில் வேலைக்குப் போகவும் வழியில்லை. ஒரு மைதானத்தையே ஆட்டிவைத்தவள், மைக்ரோவேவ் கூவுவதற்கு முன்பே ஓடிப்போய்க் கதவைத் திறந்து அதையும் அடக்கிவைத்தாள். சேனாபதிக்கு அந்தப் பழைய குரல் வேண்டியிருந்தது. ராத்திரி பகலாக அதற்கு ஏங்கினான் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் வாயை மூடச் சொன்னவனே போய்த் திறக்கச் சொல்லி எப்படிக் கேட்பது?

அந்த வருஷம் பொங்கலன்று, இலையில் பொங்கலை வைத்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"நாகரத்தினம் டீச்சர்கிட்ட பேசுனனுங்க. என்ற பழைய வேலை காலியா இருக்குதாமா. ஜூன்ல ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள போயிர்றனுங்க. உங்களுக்கு கிரீன் கார்டு வந்துதுன்னா சொல்லுங்க, பொறவு பார்த்துக்கலாம்."

"அது வர எத்தனை வருஷம் ஆகுமோ, பாக்கியம்."

"அதைத்தானுங்க நானும் சொல்றேன்."

சேனாபதி பதறிப்போய்த் தமிழ்ச் சேனலுக்கு டிஷ் போட்டான். ஒன்றும் மாறவில்லை. ஏப்ரலில் ஓர் ஆலங்கட்டி மழை வந்து அக்கம்பக்கத்துக் கூரைகளையெல்லாம் பெயர்த்துப் போட்டது. அதில் டிஷ்ஷும் சாய்ந்தது. விடாமல் புதிதாக ஒன்றை மாட்டினான். அதற்கப்புறம்தான் அதிசயம் நடந்தது. பாக்கியம் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தாள். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். பீரோ அடியில் கிடந்த கான்வாஸ் ஷூவைத் தூசி தட்டி மாட்டிக்கொண்டு, செவ்வாயும் வியாழனும் வாக்கிங் கிளம்பினாள். ஒரு நாள் சாம்பாரைக் கிண்டிக்கொண்டே, "டிக்கெட் இப்பவே போட்ற வேண்டாங்க. கொஞ்ச நாள் பார்க்கலாம்," என்றாள்.

சேனாபதி வெளியே போய், கூரையிலிருந்த டிஷ்ஷைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தான்.

ஒரே ஒரு குறை. அவள் தொண்டை கட்டிப்போயிருந்தது. வசந்தம் வந்தால் பிளானோ மரங்கள் மஞ்சள் மகரந்தப் பொடியைக் கொட்டி ஊரார் தொண்டையையெல்லாம் கட்டிவிடும் என்பதால் அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளும் மிளகுப் பாலும் பனங்கற்கண்டுமாகச் சமாளித்தாள்.

எல்லாம் கூடி வருகிற இந்த நேரம் பார்த்துத்தான் பின் சந்தில் அந்தச் சத்தம் கிளம்பியது.

பிளானோ வீடுகளுக்குக் கராஜ் பின்பக்கம் இருக்கும். இரண்டு வரிசைக் கராஜ்களுக்கும் நடுவே ஒரு சந்து ஓடும். சத்தம் வந்த எதிர் கராஜ் கர்ட்டிஸுடையது. கூரை போடுவது அவன் தொழில். இடுப்பு வரை முடி, எந்நாளும் கறுப்பு டி-ஷர்ட். பார்த்தால் குழந்தைகள் அழும். பேசினால் அதே குழந்தைகள் மடியில் ஏறிக்கொள்ளும்.

வாக்கிங்கிலிருந்து திரும்பும் மனைவியிடம் சேனாபதி ஒவ்வொரு தடவையும் முறையிட்டான்.

"நல்லவேளை நீ வீட்ல இல்லை. இன்னிக்குக் கழுத்தறுபட்ட கிடா மாதிரி கத்தறான்."

"அவ்வளவு மோசமாங்களா?"

"பேய் பிடிச்சவன்கூட நடுவுல மூச்சு விடுவான். இவன் மூச்சே விடலை."

"மூச்சே விடலீங்களா?" என்று அவள் அதையே திரும்பக் கேட்டாள். பயந்துவிட்டாள் என்று நினைத்துச் சேனாபதி பேச்சை மாற்றினான்.

டிஷ் ஒட்டவைத்ததை இந்தக் கிடா உடைத்துவிடும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. ஒரு சனிக்கிழமை, நேரிலேயே பேசி முடித்துவிடலாம் என்று சந்தைத் தாண்டிப் போனான்.

"வாங்க சார், வாங்க. நீங்க எப்ப வருவீங்கன்னு பார்த்துட்டே இருந்தேன்," என்று கர்ட்டிஸ் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டான். அவன் பேசியது பச்சை டெக்சஸ் ஆங்கிலம். கதைக்காக நான்தான் அவனைத் தமிழில் பேச வைத்திருக்கிறேன். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

"இது என்ன பாட்டு, கர்ட்டிஸ்?"

"அட்மாஸ்ஃபெரிக் பிளாக் மெட்டல் சார். அலறிப் பாடற ஒரு வகை ராக். இயற்கையோட மனுஷன் போடற சண்டைதான் மொத்த ஆல்பமும். நான் கூரை போடறேன், ஒரு காத்து வந்து பெயர்க்குது. மறுபடி போடறேன், ஒரு மழை வந்து பெயர்க்குது. இதை எங்கயாவது சொல்லி அழணும்ல? பனி, வெள்ளம், காட்டுத்தீ, சூறாவளின்னு ஏழு பாட்டு."

"யாரு ஜெயிக்கறது?"

"ஆறு பாட்டுல இயற்கைதான்."

"ஏழாவதுல?"

"மனுஷங்க. அது ஆலங்கட்டி மழை. அதை மட்டும் இன்னும் பாடி முடிக்கலை," என்று சொல்லி அவன் ஹெட்ஃபோனைச் சேனாபதி தலையில் மாட்டினான்.

முதலில் வெறும் காற்று. பிறகு அந்தக் குரல். காதுக்குள் இத்தனை கிட்டத்தில் கேட்டபோது அது வேறு மாதிரி இருந்தது. ஆடி மாதம் கணவாய் வழியாக வரும் காற்று உடுமலையில் வீட்டுத் தகரக் கதவுகளைப் பிடித்து ஆட்டுமே, அதைக் கேட்டபடி போர்வைக்குள் கிடந்த நாட்கள் அவனுக்கு நினைவு வந்தன. ஏனென்று தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டான். அதற்குள் கிட்டார் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது.

"குரல் எப்படி சார்?" என்று கர்ட்டிஸ் அவன் முகத்தையே பார்த்தான்.

இப்படி ஆசையாகக் கேட்பவனிடம் முகத்தில் அடித்தாற்போலப் பேசச் சேனாபதிக்கு வராது. "வெரி நைஸ். நல்ல பவர்," என்றான்.

கர்ட்டிஸின் கண் கலங்கியது. "நீங்க கொடுத்து வச்சவர் சார்," என்றான்.

எதிர் வீட்டில் இருப்பதால் ஓசியில் கேட்க முடிகிறது என்பதைத்தான் சொல்கிறான் என்று சேனாபதி எடுத்துக்கொண்டான். சத்தத்தைக் குறைக்கச் சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பினான். இவ்வளவு பெரிய ரசிகர் எதிரிலேயே இருப்பது தெரிந்துவிட்டதால், அன்று முதல் கர்ட்டிஸ் தினமும் சாயங்காலம், அதுவரை பதிவான பாட்டுகளைக் கராஜ் கதவை முழுசாகத் திறந்துவைத்துப் போட ஆரம்பித்தான்.

இதுவரை பாக்கியம் வாக்கிங் போயாவது தப்பித்துக்கொண்டிருந்தாள். இப்போது அதுவும் போயிற்று. முதல் நாள் சாயங்காலம் சத்தம் உள்ளே வந்தபோது அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள். சிங்க்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, பாட்டு முடியும்வரை அப்படியே நின்றாள். கண்ணோரத்தில் நீர் கோத்திருந்தது.

"ரொம்ப கஷ்டமா இருக்கா, கண்ணு?"

"ஒண்ணுமில்லீங்க," என்று அவள் மறுபடி குழாயைத் திறந்துவிட்டாள்.

சேனாபதி காலண்டரைப் பார்த்தான். இப்படியே போனால் ஜூனில் டிக்கெட்தான்.

இதற்கிடையில் மணியின் கதை தனியாக வளர்ந்துகொண்டிருந்தது. செவ்வாய் வியாழன் காலில் நான்ஸி வேலையைப் பற்றிக் கேட்பதற்கு முன் மணியைப் பற்றித்தான் கேட்டார். பிஸ்கட் வாங்கி அனுப்பினார். தொண்டை கட்டியிருக்கும், டாக்டரிடம் காட்டு என்றார். பேச்சை முடிக்க வேண்டுமே என்று சேனாபதி, "வீட்டு வைத்தியம் பார்க்கறோம். பால்ல மிளகு போட்டுக் கொடுக்கறோம்," என்றான். தொண்டை கட்டு என்றதும் அவன் வாயில் வந்தது அதுதான்.

"மிளகா? நாய்க்கா?" என்று கேட்டுவிட்டு நான்ஸி அவசரமாகப் போனை வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம், நகரத்து அனிமல் கன்ட்ரோலிலிருந்து ஓர் அதிகாரி வாசலில் நின்றார். நல்ல ஆகிருதி. கையில் சுருக்குப் போட்ட நீளக் குச்சி.

"மணி எங்கே?"

"மணி இல்லைங்க," என்றான் சேனாபதி.

அதிகாரி தொப்பியைக் கழற்றினார். "எப்போ?"

"எப்பவுமே இல்லை."

"மிளகு கொடுத்ததா ரிப்போர்ட் வந்திருக்கு."

"அது என் மனைவிக்கு."

அதிகாரி அவனை விட்டுவிட்டுப் பாக்கியத்தின் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க இந்த வீட்ல பத்திரமா இருக்கீங்களா?"

"ஐ யாம் ஃபைன்," என்றாள் பாக்கியம். மண்ணை வறுத்த மாதிரி இருந்த அவள் குரல் நிலைமையைச் சரிசெய்யவில்லை. அதிகாரி குச்சியை இறுக்கிப் பிடித்தார்.

நல்லவேளையாக அப்போது எதிர் கராஜ் திறந்து சத்தம் கிளம்பியது. "இதுதாங்க மணி," என்றான் சேனாபதி.

அதிகாரி சத்தம் வந்த பக்கம் காதைக் கொடுத்தார். பிறகு அவருடைய பூட்ஸ் தாளம் போட ஆரம்பித்தது. "மோசமில்லை," என்றார். "சின்ன வயசுல நானும் ஒரு பேண்ட்ல இருந்தேன். இப்படி ஒரு குரலுக்கு நாங்க தவம் கிடந்தோம்."

பாக்கியம் உள்ளே போய் முறுக்குத் தட்டோடு வந்தாள். அவர் தின்று முடிப்பதற்குள் இன்னொரு தட்டு வந்தது. கிளம்பும்போது கையிலும் ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்தாள். யூனிஃபார்ம் போட்டவர்கள் என்றால் அவளுக்கு எப்போதுமே மரியாதை என்று நினைத்துக்கொண்டான் சேனாபதி.

"சத்தம்தான் பிரச்சினைன்னா உங்க ஹெச்.ஓ.ஏ-கிட்ட சொல்லுங்க சார். நாங்க நாலு கால் இருந்தாத்தான் வருவோம்," என்று சொல்லிவிட்டுப் போனார் அதிகாரி.

நான்ஸியிடம் இனி மணி உயிரோடு இருக்க முடியாது என்று சேனாபதிக்குப் புரிந்துவிட்டது. திங்கட்கிழமை ஆபீசில், மணி தூக்கத்திலேயே போய்விட்டதாகச் சொன்னான். நான்ஸி அழுதார். டீம் முழுக்கக் கையெழுத்துப் போட்டு அனுதாப அட்டை கொடுத்தது. செவ்வாய்க்கிழமை காலில், சேனாபதி ரிலீஸ் தேதியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மணி மறுபடி ஊளையிட்டது. இதுவரை இல்லாத நீளத்துக்கு, இதுவரை இல்லாத உருக்கத்தோடு.

யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

மறுநாளே ஹெச்.ஓ.ஏ. என்கிற வீட்டுக்காரர் சங்கத்துக்குப் போய்விட்டான். புல் ஒரு விரல் அதிகம் வளர்ந்தாலே வீட்டு வாசலில் வந்து நிற்கிறவர்கள் அவர்கள். சேனாபதி பேசி முடிப்பதற்குள் தலைவர் எழுந்துவிட்டார். கர்ட்டிஸ் இனிமேல் கராஜில் பாட்டுப் பதிவு எதுவும் செய்யக் கூடாது என்று அன்று மத்தியானமே சொல்லிவிட்டார்கள்.

சேனாபதி இந்தியக் கடையில் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பறந்தான். பாக்கியம் அடுப்படியில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"பாக்கியம், ஒரு நல்ல சேதி. இனிமே அந்தச் சத்தம் வராது. நிறுத்தச் சொல்லிட்டாங்க."

அவள் கரண்டியோடு திரும்பினாள். "யாருங்க போய்ச் சொன்னது?"

"நான்தான். உனக்காகத்தான் சொன்னேன்."

"எனக்காகங்களா?"

"அன்னிக்கு சிங்க்கிட்ட நின்னு நீ அழுததை நான் பார்த்தேன்ல? அந்தக் கர்ண கொடூரத்தைக் கேட்டுட்டு எவ்வளவு நாள்தான் பொறுத்துப்ப?"

அவள் அவனையே பார்த்தாள். அப்புறம் அடுப்பை அணைத்தாள். கரண்டியைக் கழுவி அதன் இடத்தில் மாட்டினாள். ஒவ்வொரு படியாக மாடி ஏறிப் போனாள். மேலே பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"ஜூன் மொத வாரத்துல டிக்கெட் இருக்குதான்னு பாருங்க." பழையபடி லைப்ரரிக் குரல்.

"ஏன் பாக்கியம்? நல்லாத்தானே இருந்த? தமிழ்ச் சேனல் எல்லாம் வருதே?"

"அதை நான் போட்டே பார்த்ததில்லீங்க. ரிமோட் கவரைக்கூடப் பிரிக்கலை."

சேனாபதி ஹாலுக்குப் போய்ப் பார்த்தான். ரிமோட் பிளாஸ்டிக் கவருக்குள் வாங்கிய நாள் போலவே இருந்தது.

மைசூர்பாகு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தான். ஒரு மைதானத்துக் காக்கைகளையெல்லாம் பறக்கவிட்ட குரல் அது. அந்தக் குரலுக்காகத்தான் அவளைக் கட்டிக்கொண்டான். இந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்து, அதைப் பெட்டி ஜிப் இழுபடும் சத்தத்தில் அமுங்கிப்போகிற அளவுக்குச் சின்னதாக்கிவிட்டான். அவனுக்கு அழுகை வந்தது. கொஞ்சம் அழவும் செய்தான்.

காலிங் பெல் அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தான். முடியைப் பின்னிக் கட்டிக்கொண்டு, துக்க வீட்டுக்கு வந்தவன் மாதிரி கர்ட்டிஸ் நின்றான். கையில் ஓர் எவர்சில்வர் டப்பா. அதன் மூடியில் சேனாபதியின் மாமனார் பெயர் வெட்டியிருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க கர்ட்டிஸ். எனக்கு வேற வழி தெரியலை," என்றான் சேனாபதி.

"பரவாயில்லை சார். ரூல்னா ரூல்தான். மைக்கெல்லாம் கழட்டிட்டேன். முறுக்கு டப்பாவைக் கொடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்." கர்ட்டிஸ் மாடிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஆனா கோச்கிட்ட நீங்களே சொல்லிடுங்க சார். அன்னிக்கு ஆலங்கட்டி மழையில கூரைமேல மாட்டிக்கிட்டு நின்ன என்னை, சந்துக்கு இந்தப் பக்கம் நின்னு ஒரே அதட்டல்ல கீழ இறக்கினவங்க உங்க மனைவி. 'இனிமே நீங்க பாட வேண்டாம்'னு அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை."